விழாத பந்து

விளாங்குடி,
24 ஜூன் 2024

அன்புத் தங்கை ஆரோக்கியத்துக்கு அண்ணன் கிறிஸ்துராஜ் எழுதுவது. இயேசுவுக்குப் புகழ்.

இங்கு நான், உன் மதினி, எஸ்தர் மூவரும் ஆண்டவர் அருளால் சுகம். உன் மதினியின் முழங்கால் வலி மட்டும் ஒவ்வொரு மழைக்கும் முன்னால் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? கதவுக்கு வெளியே வராத மடத்தில், போனும் இல்லாமல் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டாய். உன்னால் இந்தத் தெருவிலேயே தபால்காரர் பெயர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள் என்பதால் மதருக்கும் சேர்த்தே வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் எஸ்தரின் அணி மாவட்டக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டது! ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது. ஜெயித்த பிள்ளைகளுக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், கட்டணம் கிடையாது. பிளஸ் டூவில் அவள் வாங்கிய மார்க்குக்கு எந்தக் கல்லூரியும் கேட்டைத் திறந்திருக்காது.

ஆட்டம் எங்கள் பள்ளி மைதானத்தில். வழக்கம்போல் மேஜையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தது நான். மகள் ஆடுகிறாள், வேண்டாம் என்றேன். பள்ளி பி.டி. மாஸ்டர் மருது சார் விடவில்லை. "அண்ணே, வெரலு நடுங்காம பட்டன் அமுக்குற ஆளு ஒங்கள விட்டா மதுரையில யாருண்ணே இருக்கா?" என்று உட்கார வைத்துவிட்டார்.

கடைசிக் கட்டத்தைக் கேள். மணி ஐந்து நாற்பது. ஆட்டம் முடிய 1.2 நொடி. நாம் ஒரு புள்ளி முன்னால். பந்து உசிலம்பட்டிப் பிள்ளைகளுக்கு. கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிய வேண்டும். எறிந்தவள் பெயர் பாண்டிமீனா. உன்னைப் போலவே எறிவதற்கு முன் பந்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுகிற பழக்கம் அவளுக்கும். வளையத்துக்குப் பக்கத்தில் அவளுடைய தங்கை முத்துமீனா பிடித்து மேலே போட்டாள். உள்ளே விழுந்தது. ஆனால் பந்து அவள் கையில் இருக்கும்போதே ஹாரன் அடித்துவிட்டது. ரெஃப்ரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கூடை செல்லாது, அம்புட்டுத்தான்.

எல்லோரும் கலைந்த பிறகும் அந்தப் பாண்டிமீனா எறிந்த கையை இறக்காமல் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

எஸ்தர் மெடலைக் கழற்றாமல் தூங்குகிறாள். உன் ஜெபத்தில் எங்களைச் சேர்த்துக்கொள்.

உன் அண்ணன்,
கிறிஸ்துராஜ்

*

மலையடிவார மடம்,
11 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு ஆரோக்கியம். மரியே வாழ்க.

இருமல் போய்விட்டது. மதர் உங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு, "உங்கண்ணன் கடுதாசி படிக்கத்தான் நான் கண்ணாடிய மாத்துனேன்" என்று சொல்லச் சொன்னார்கள். மதினி முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கட்டும். எஸ்தருக்கு என் முத்தம்.

பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த ஆட்டத்தைக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நானும் நான்கு வருஷம் கோட்டுக்கு வெளியே நின்று பந்து எறிந்தவள்தானே. ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறது, அண்ணே. எறிந்த பந்து வானத்தில் இருக்கும்வரை கடிகாரம் ஓடக் கூடாது. உள்ளே இருக்கிற ஒருத்தி அதைத் தொட்ட பிறகுதான் ஓட வேண்டும். எனக்கு இதைச் சொல்லித் தந்ததே நீங்கள். தொட்டதிலிருந்து 1.2 நொடி என்றால் பிடித்துப் போடத் தாராளமான நேரம். அந்தப் பிள்ளைக்கு எப்படிப் போதாமல் போனது?

பந்து பாண்டிமீனாவின் கையை விட்டதும் பட்டனை அழுத்தினீர்களா, முத்துமீனா தொட்டதும் அழுத்தினீர்களா? சும்மாதான் கேட்கிறேன். பழைய ஆட்டக்காரியின் அரிப்பு.

எல்லோருக்கும் என் அன்பு.

ஆரோக்கியம்

*

விளாங்குடி,
25 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம். பள்ளி ஆபீஸில் வேலை நெருக்கடி. நாங்கள் சுகம். நொச்சி ஒத்தடம் நன்றாகக் கேட்கிறது, உன் மதினி இப்போது மாடிப்படி ஏறுகிறாள். வைகையில் தண்ணீர் வந்தது, மூன்றே நாளில் போனது. எஸ்தர் கல்லூரிக்குப் போய்வருகிறாள். கல்லூரி அணியிலும் சேர்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் புதிதாக நாய் வாங்கியிருக்கிறார்கள், தூங்க விடுவதில்லை.

ஒரு வருத்தமான செய்தி. அந்த உசிலம்பட்டிப் பெண் பாண்டிமீனா இறந்துவிட்டாள். கல்லூரி இடம் கிடைக்காததால் நூல் மில்லுக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். போன மாதம் மில் வேன் திருமங்கலம் சாலையில் கவிழ்ந்துவிட்டது. மற்றவர்களுக்குக் காயம்தான். இவள் ஒருத்திதான். மருது சார் சொன்னார். எழவுக்கு அவர் போனார், எனக்கு அன்று காய்ச்சல்.

அவளுக்காக ஒரு செபமாலை சொல். வேறு மதம் என்றாலும் சொல்லலாம் அல்லவா?

நம் பள்ளி மைதானத்துக் கடிகாரம் பழுது. எண்களை மாற்றினாலும் மறுநாள் 1.2 காட்டிக்கொண்டு நிற்கிறது. மெக்கானிக் இரண்டு தடவை வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்கிறார்.

கிறிஸ்துராஜ்

*

மலையடிவார மடம்,
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினி மாடி ஏறுவது கேட்டுச் சந்தோஷம். உங்கள் காய்ச்சல் விட்டதா?

பாண்டிமீனாவுக்காக மடத்தில் எல்லோரும் ஜெபித்தோம். அவளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு தட்டு என் உள்ளங்கைக்குத் தெரியும். தட்டியதும் உள்ளே இருப்பவர்கள் ஓடுவார்கள், அதற்கான அடையாளம் அது. எறிபவள் தன் உயிரையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்பாள். அவள் அழுதிருப்பாளே என்று நினைத்து நானும் அழுதேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வைகை இருக்கிறது, நாய் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதிலிருந்து கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் படிக்கவும் அனுமதி இல்லை. வருவதையெல்லாம் மதர் தகரப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குள் எழுதுங்கள்.

ஆரோக்கியம்

*

விளாங்குடி,
29 நவம்பர் 2024

ஆரோக்கியத்துக்கு,

சுகம்.

பதினெட்டு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தவன் நான். என்னிடம் ஒருவர் கேட்கிற கேள்வியா அது? மடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு மதுரை மைதானத்தைப் பார்க்கிறாயாக்கும். ரெஃப்ரி எழுதிக்கொடுத்தார், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், முடிந்தது.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப்போட மனமில்லை. எஸ்தர் சரியில்லை, தங்கச்சி.

ஆட்டத்தில் வெளியிலிருந்து வருகிற பந்தை அவள் பிடிப்பதில்லை. மற்ற பந்துகளைப் பிடிக்கிறாள். கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகிவிடுகிறாள். இப்படியே போனால் இடம் பறிபோகும் என்று கோச் எச்சரித்துவிட்டார். வீட்டிலும் அப்படித்தான். போன வாரம் நான் வாசலுக்கு வெளியே நின்று வண்டிச் சாவியை அவளிடம் தூக்கிப் போட்டேன். விலகினாள். கண்ணாடி உடைந்தது. "ஏம்மா?" என்றேன். "தொட்டா ஓட ஆரம்பிச்சிரும்பா" என்றாள். எது என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்று. மதருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே இரண்டு தட்டு கேட்கிறது. பிறகு எறிகிற மூச்சு. அதோடு சரி. பந்து விழுகிற சத்தம் மட்டும் வருவதே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் வெயில் விழுந்த காலி மனைதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் அந்த நேரத்தில் தலையை நிமிர்த்தி வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஜெபி.

கிறிஸ்துராஜ்

*

மலையடிவார மடம்,
3 ஜனவரி 2025

என் செல்ல எஸ்தருக்கு அத்தை எழுதுவது.

புத்தாண்டு ஆசீர்வாதம். நன்றாகச் சாப்பிடுகிறாயா? அப்பாவின் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் முடிந்ததும்தான் படித்தேன். இந்த முறை அவருக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன்.

அத்தையும் பந்து எறிந்தவள் என்று உனக்குத் தெரியும். தொட்டால் ஓட ஆரம்பித்துவிடும் என்றாயாமே. எது ஓடும்? என்னிடம் சொல். நான் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாத இடத்தில்தானே இருக்கிறேன்.

உன் அத்தை

*

விளாங்குடி,
19 ஜனவரி 2025

அன்புள்ள அத்தைக்கு எஸ்தர். நான் சுகம். அம்மா சுகம். அப்பா நன்றாக இல்லை. இதை அவரிடம் எழுதிவிடாதீர்கள்.

அன்று முத்துமீனாவைக் காவல் காத்துக்கொண்டு நின்றது நான்தான், அத்தை. ஒரு அடி பின்தங்கிவிட்டேன். பந்து என் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை, ஆனால் 0.9, 0.7 என்று இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் அவள் கையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. நான் அதைச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நானும் குதித்தேன்.

பாண்டிமீனா இறந்த பிறகு, வெளியிலிருந்து எந்தப் பந்து வந்தாலும் அதற்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே அவள் நிற்கிறாள். பயமுறுத்துவதில்லை. கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். அவளுடைய பந்து இன்னும் மேலேதான் இருக்கிறது, அத்தை. நான் ஏதாவது ஒன்றைத் தொட்டால் அவளுக்கு மிச்சமிருக்கிற அந்த 1.2 நொடியும் என்னால் ஓடிப் போய்விடும். ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துக்கொண்டோம். அதனால்தான் தொடுவதில்லை.

அப்பா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. ஐந்து நாற்பது ஆனால் இரண்டு பேரும் டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம்.

எஸ்தர்

*

விளாங்குடி,
9 மார்ச் 2025

என் தங்கை ஆரோக்கியத்துக்கு,

"எஸ்தரிடம் பேசுங்கள்" என்று பிப்ரவரியில் ஒரே வரி எழுதியிருந்தாய். அவளிடம் பேச வாய் வரவில்லை. இன்று தவக்காலத்தின் முதல் ஞாயிறு. ஈஸ்டர் வரை இது மதருடைய பெட்டியில்தான் கிடக்கும். நீ இப்போது படிக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கையை விட்டதும் அழுத்தினேன்.

முதல் தட்டு, இரண்டாம் தட்டு. எஸ்தர் ஒரு அடி பின்தங்கியதை நான் பார்த்தேன். முத்துமீனாவுக்கு வழி திறந்துவிட்டதையும் பார்த்தேன். பந்து பாண்டிமீனாவின் கையை விட்டது, என் விரல் இறங்கியது. தவறுதலாக அழுத்தியிருந்தால் மனுஷன் திடுக்கிடுவான். நான் திடுக்கிடவில்லை. ரெஃப்ரி என்னைப் பார்த்தபோது, "கடிகாரம் முந்திவிட்டது சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சரி செய்திருப்பார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் ஒரு பிள்ளையை அந்த வேனில் ஏற்றியது.

எழவு அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. உசிலம்பட்டி பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

நீ இந்தக் கடிதத்தைக் கையில் வாங்குகிறவரை எனக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். வாங்கிய பிறகு நீ என்ன சொன்னாலும் செய்வேன். பயமாக இருக்கிறது, தங்கச்சி. இதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன்

*

மலையடிவார மடம்,
21 ஏப்ரல் 2025

அண்ணே,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களோடு.

இன்று காலை மதர் தகரப் பெட்டியைத் திறந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தார்கள். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் மாதம் இரண்டாம் வாரத்திலிருந்து மாலைச் செபத்தின்போது எங்கள் மதிலுக்கு வெளியே இரண்டு தட்டு கேட்டது. நாற்பது நாளும் கேட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். மதிலுக்கு வெளியே இருப்பது செங்குத்தான பள்ளம், அங்கே நிற்க இடமில்லை என்று இன்று மாலைதான் உறைத்தது. இன்று சத்தம் வரவில்லை.

நான் தொட்டுவிட்டேன், அண்ணே. இனி உங்களுக்கு நேரம் இல்லை. முதலில் எஸ்தரிடம் சொல்லுங்கள், அப்புறம் அவளையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களை நான் வெறுக்கவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வலிக்கிறது.

ஆரோக்கியம்

*

விளாங்குடி,
12 மே 2025

அன்புள்ள அத்தைக்கு எஸ்தர் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பா செருப்பைக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "எனக்குத் தெரியும்பா" என்றேன். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே மாவட்டக் கூடைப்பந்துச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். முடிவை இனி மாற்ற முடியாதாம். அப்பாவை மேஜையிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் இடத்தை என்ன செய்வது என்று கல்லூரி இன்னும் சொல்லவில்லை. எதுவானாலும் சரி.

அப்புறம் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊருக்குப் போனோம். பாண்டிமீனாவின் அம்மா பெயர் மாயக்காள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். அவர்கள் கத்துவார்கள் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எம்புட்டு நேரம்யா அது?" என்று கேட்டார்கள்.

"ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலம்மா."

"அம்புட்டுக்குத்தானா எம் புள்ள போனா?" என்றார்கள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மெடலை முத்துமீனாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "இது எனக்கு எதுக்கு? எங்கக்கா எறிஞ்சத நான் இன்னும் முழுசாப் பிடிக்கல. அந்த நேரத்தத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்களை மைதானத்துக்குக் கூட்டிவந்தோம். மருது சார் அப்பாவுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டார். கடிகாரத்தை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை, 1.2 காட்டிக்கொண்டு நின்றது. அப்பா மேஜையில் உட்கார்ந்தார். முத்துமீனா அதே இடத்தில் போய் நின்றாள். மாயக்காள் அம்மா மரத்தடியில் நின்றார்கள். வெளியிலிருந்து பந்தை எறிய வேண்டியது நான். என் பந்து பைக்குள் இருந்தது. ஜிப் சிக்கிக்கொண்டது, அதனால் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தட்டு கேட்டது.

நிமிர்ந்தேன். கோட்டுக்கு வெளியே யாரும் இல்லை. முத்துமீனா மட்டும் வானத்தைப் பார்த்தபடி, எதையோ பின்தொடர்கிற மாதிரி மெதுவாக முகத்தைத் திருப்பினாள். அப்பாவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு, காதால் காத்திருந்தார். எம்புட்டு நேரம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் அசையவில்லை.

அவள் கையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. அப்பா அழுத்தினார்.

அவள் குதித்துப் போட்டாள். அதற்கு அப்புறம்தான் ஹாரன் அடித்தது. வலை ஆடியது. அப்பா எழுந்து நின்று, கூடை செல்லும் என்று ரெஃப்ரி மாதிரியே இரண்டு விரலைக் கீழே இறக்கிக் காட்டினார். முத்துமீனா, "அக்கா!" என்று கோட்டுக்கு வெளியே பார்த்துக் கூப்பிட்டாள். மாயக்காள் அம்மா, "யாரு எறிஞ்சா?" என்று என்னைக் கேட்டார்கள். என் பை மூடியபடிதான் இருந்தது.

பந்து தரையில் விழுந்தது, அத்தை. விழுகிற சத்தத்தை நாங்கள் எல்லோரும் கேட்டோம். நான்கைந்து தடவை எகிறிவிட்டு, கோட்டுக்கு வெளியே பாண்டிமீனா அன்று நின்ற இடத்தில் போய் நின்றது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் இல்லை. அங்கே கேட்டால் எழுதுங்கள்.

இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

உங்கள்
எஸ்தர்